காருக்கும் ஒரு நாடு உண்டு

ஜித்ராவிலிருந்து கோலாலம்பூர் 450 கிலோமீட்டருக்கு மேல். வெளிநாடு சுமார் 30 கிலோமீட்டர். இந்தக் கணக்கு வடகெடா மக்களின் பயணப் புத்தியை வேறு மாதிரி வளர்த்திருக்கிறது. தாய்லாந்தின் ஹாட்யாய் போய் வருவதைப் பயணம் என்று சொல்லவே இங்கே பலருக்குக் கூச்சம். ஆனால் அதே சாலையில் ஹாட்யாயைத் தாண்டி பேங்காக், லாவோஸ், சீனா, ஏன் இந்தியா வரைக்கும் சொந்தக் காரில் போக முடியுமா என்று கேட்டால் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும். 'ரோடுதான் இருக்கிறதே, ஓட்டிக்கொண்டே போகலாம்' என்பார் ஒருவர். 'அவ்வளவு தூரம் யாரால் ஓட்ட முடியும்' என்பார் இன்னொருவர். இருவரும் பேசுவது சாலையையும் தூரத்தையும் பற்றித்தான். என் பார்வையில் இந்தக் கேள்விக்கு விடை காரின் தாள்களில் இருக்கிறது. நமக்குக் கடப்பிதழ் இருப்பதுபோல் காருக்கும் ஒரு நாடு உண்டு. எந்த எல்லை அதை உள்ளே விடும், எத்தனை நாளுக்கு விடும், எந்த நிபந்தனையோடு விடும் என்பதை வைத்தே பயணத்தின் வரைபடம் உருவாகிறது.

சாலைக்குக் குறையே இல்லை. பிளஸ் நெடுஞ்சாலையின் வடமுனை புக்கிட் காயு ஹீத்தாம். அதன் பலகைகளில் காணும் ஏஎச்2 என்ற குறி ஆசிய நெடுஞ்சாலை எண் 2-ஐக் குறிக்கிறது. இந்தோனேசியாவின் டென்பசாரில் தொடங்கி, சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, மியன்மார், இந்தியா, வங்காளதேசம், நேப்பாளம், பாகிஸ்தான் என்று தொட்டு ஈரான் வரை வரையப்பட்ட வழி அது. 1959-இல் எழுந்த யோசனைக்கு 2003-இல் பேங்காக்கில் ஏற்கப்பட்ட அரசுகளுக்கிடையிலான உடன்படிக்கை சட்ட உருவம் கொடுத்தது. ஜித்ராக்காரர் பாலும் ரொட்டியும் வாங்கப் போகும் வழியில் ஈரானுக்குப் போகும் சாலையைக் கடந்துதான் போகிறார்.

எல்லைதான் இந்தச் சாலையில் இளையது. 1909-இல் ஆங்கிலேயரும் சயாமும் செய்துகொண்ட உடன்படிக்கையில்தான் கெடா சயாமின் மேலாட்சியிலிருந்து பிரிட்டிஷார் கைக்கு மாறியது. 1941 டிசம்பர் 8-இல் சிங்கோராவில், அதாவது இன்றைய சொங்க்லாவில், கரையிறங்கிய ஜப்பானியப் படை ஹாட்யாய், சடாவ் வழியாக இதே சாலையில்தான் இறங்கி வந்தது. 11-ஆவது இந்தியப் படைப்பிரிவு ஜித்ராவில் அமைத்திருந்த தற்காப்பு அரண் டிசம்பர் 11 முதல் 13-க்குள் சரிந்தது. 1943 அக்டோபரில் ஜப்பானியர் கெடாவையும் பெர்லிஸையும் தாய்லாந்துக்கே கொடுத்துவிட்டார்கள். போர் முடிந்தபின் எல்லை பழைய இடத்துக்குத் திரும்பியது. ஒரு தலைமுறைக்குள் எல்லை ஜித்ராவைத் தாண்டித் தெற்கே போய், மீண்டும் வடக்கே வந்திருக்கிறது.

இதை ஐரோப்பாவோடு வைத்துப் பார்ப்பது பயன் தரும். அங்கே 1985 ஜூன் 14-இல் ஷெங்கன் உடன்படிக்கை கையெழுத்தானது. 1995 மார்ச்சில் முதல் சில நாடுகளுக்கிடையே எல்லைச் சோதனை நின்றது. இப்போது 29 நாடுகள் அதில் இருக்கின்றன. காப்பீட்டுக்குப் பச்சை அட்டை முறை 1949-இலேயே வந்துவிட்டது: ஒரு நாட்டில் எடுத்த காப்பீட்டைப் பிற நாடுகளும் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு. ஆகவே லிஸ்பனிலிருந்து வார்சா வரை போகிறவர் கவலைப்படுவது வேறு சங்கதிகளுக்கு: ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் வாங்க வேண்டிய சாலை வில்லை, சில ஜெர்மன் நகரங்களுக்குள் நுழைய வேண்டிய புகை வில்லை, வாடகைக் காரை வேறு நாட்டில் விட்டால் கட்ட வேண்டிய கூடுதல் தொகை. எல்லை எங்கே முடிந்தது என்பதுகூட அவருக்குப் பெரும்பாலும் சாலைப் பலகையின் நிறம் மாறும்போதுதான் தெரியும்.

ஷெங்கன் கையெழுத்தாகி ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், 1985 ஜூலை 9-இல், கோலாலம்பூரில் ஆசியான் நாடுகளும் ஓர் உடன்படிக்கை செய்தன. ஒரு நாட்டின் ஓட்டுநர் உரிமத்தை மற்ற நாடுகள் ஏற்கும் என்பது அதன் சாரம். அங்கே வாசலையே எடுத்துவிட்டார்கள். இங்கே ஓட்டுகிறவரை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள், வண்டியை அப்படியே விட்டுவிட்டார்கள். நாற்பது ஆண்டுகளாக நம் பயணத் திட்டங்களின் சிக்கலெல்லாம் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. ஆசியானுக்கும் நீல அட்டை என்றொரு காப்பீட்டு ஏற்பாடு தாளில் உண்டு. ஆனால் ஜித்ராவிலிருந்து புறப்படும் குடும்பம் இன்றும் சாங்லூனிலோ எல்லைக் கடைகளிலோ காரை நிறுத்தித் தாய்லாந்துக் காப்பீட்டை ரொக்கம் கொடுத்துத்தான் வாங்குகிறது.

அந்தக் கடையில் வாங்குவது என்ன என்று பலருக்கும் தெரிவதில்லை. தாய்லாந்துச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் காப்பீடு ஆட்களுக்கு ஏற்படும் காயத்துக்கும் மரணத்துக்கும் மட்டுமே. எதிராளியின் காரை நீங்கள் நசுக்கினாலும், உங்கள் காரை யாராவது நசுக்கினாலும் அது உதவாது. அதற்கு மேலே தனியாக ஒன்று வாங்க வேண்டும். மலேசியாவில் எடுத்திருக்கும் முழுக் காப்பீடும் எல்லையோடு நின்றுவிடும். கூடுதல் பிரீமியம் கட்டித் தாய்லாந்துக்கு நீட்டிக்க வழி இருக்கிறது. ஹாட்யாய்க்கு இரண்டு நாள் போகிறவர் இதைப் பொருட்படுத்தாமல் இருந்துவிடலாம். இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டப் போகிறவர் இதை முதலில் முடிக்காமல் ஓட்டல் அறை பதிவு செய்வது தலைகீழான வேலை.

அடுத்தது காரின் உரிமை. பதிவுச் சான்றில் உள்ள பெயரும் ஓட்டுகிறவரின் கடப்பிதழில் உள்ள பெயரும் ஒன்றாக இருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. நம் வீடுகளில் அப்படி இருப்பது அபூர்வம். கார் மகன் பெயரில், கடன் வங்கியில், ஓட்டுவது அப்பா. இப்படிப்பட்ட நிலையில் உரிமையாளரின் ஒப்புதல் கடிதம் வேண்டும்; கடன் முடியாத காரானால் வங்கியிடமும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். புக்கிட் காயு ஹீத்தாமுக்கு எதிரே உள்ள சடாவ் வாசலில் தாய்லாந்துச் சுங்கத் துறை காரைத் தற்காலிக இறக்குமதியாகப் பதிந்து ஒரு தாளைத் தரும். திரும்பும்போது அதை ஒப்படைக்காவிட்டால், அவர்கள் பதிவேட்டில் உங்கள் கார் இன்னும் தாய்லாந்துக்குள்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. குடிநுழைவுத் துறைக்கு டிஎம்2, டிஎம்3 படிவங்கள்: ஒன்று வண்டியைப் பற்றியது, மற்றது அதில் வரும் ஆட்களைப் பற்றியது. 2025 மே 1 முதல் ஒவ்வொருவருக்கும் மின்னியல் வருகை அட்டையும் சேர்ந்துகொண்டது. வந்து சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். எல்லைப் பகுதிவாசிகளுக்கான எல்லைக் கடவுச்சீட்டை வைத்துப் பழகிய பெரியவர்கள் ஜித்ராவில் இருக்கிறார்கள். பக்கத்து மாநிலங்களைத் தாண்டி அது செல்லாது.

2024 ஜூலையில் தாய்லாந்து, மலேசியர் உள்படப் பல நாட்டவருக்கு விசா இல்லாமல் 60 நாள் தங்கலாம் என்று அறிவித்தது. ஆனால் சடாவில் காருக்குக் கிடைப்பது வழக்கமாக 30 நாள். மனிதன் தங்கலாம், கார் தங்கக் கூடாது. அந்த விசா விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன என்பதால், நெடும்பயணத்துக்கு நாள் குறிக்கிறவர் எப்போதும் காரின் நாளை வைத்தே கணக்குப் போட வேண்டும்.

எந்த வாசல், எந்த நேரம் என்பது அடுத்த கேள்வி. புக்கிட் காயு ஹீத்தாம் பொதுப் பயணிகளுக்குக் காலை 6 மணி முதல் நள்ளிரவு வரை. மலேசியா 1982 ஜனவரி 1-இல் கடிகாரத்தை முன்னே தள்ளியதால் இங்கே 6 அடிக்கும்போது அக்கரையில் மணி 5. அதாவது விடியலில் நுழைகிறவருக்கு ஒரு மணி நேரம் இனாம். நெடுந்தூரம் ஓட்டுகிறவருக்கு அது சிறிய விஷயமில்லை. வார விடுமுறை கெடாவுக்கு வெள்ளியும் சனியும். பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் சனியும் ஞாயிறும். எனவே வியாழன் மாலை நம் கூட்டம், வெள்ளி மாலை தெற்கத்திக் கூட்டம் என்று எல்லையில் இரண்டு அலை. செவ்வாய், புதன் காலையில் கடப்பவர் பாக்கியவான். நெரிசலுக்குப் பயந்து சிலர் டுரியான் புரோங் வாசலைத் தேடிப் போகிறார்கள். அது அமைதியான வாசல்தான். ஆனால் அக்கரையில் அது திறப்பது சொங்க்லாவின் நா தாவி மாவட்டத்தில். 2004 முதல் தென்தாய்லாந்தைப் பீடித்திருக்கும் கிளர்ச்சியின் வட்டத்துக்குள் பட்டானி, யாலா, நராதிவாட்டோடு சேர்த்து எண்ணப்படும் சொங்க்லாவின் நான்கு மாவட்டங்களில் அதுவும் ஒன்று. பேங்காக் போகிறவருக்கு அந்தச் சுற்று தேவையில்லை.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் நம்மவர் அதிகமாகச் சறுக்குகிறார்கள் என்று நினைக்கிறேன். மலேசியப் பள்ளிகளின் ஆண்டிறுதி விடுமுறையும் தாய்லாந்து வளைகுடாக் கரையின் பெருமழையும் ஒன்றாகத்தான் வரும். ஹாட்யாய் ஒரு கிண்ணம் போன்ற நிலம். 2000, 2010 நவம்பர்களில் மூழ்கியது. 2025 நவம்பரில் வந்த வெள்ளம் அவற்றையும் மிஞ்சியது: ஒரே நாளில் 335 மில்லிமீட்டர் மழை, ஆயிரக்கணக்கான மலேசியர் ஓட்டல் மாடிகளில் அகப்பட்டுக்கொண்டார்கள், அவர்களின் கார்கள் கீழே தண்ணீருக்குள். சித்திரையில் போகலாம் என்றால் அங்கேயும் ஒரு கண்ணி உண்டு. நம் புத்தாண்டு அவர்களின் சொங்ரான் நாட்களுக்குள்ளேயே வரும், ஏப்ரல் 13 முதல் 15. பார்க்க அழகான ஒற்றுமை, ஓட்டுவதற்கு மோசமான வாரம். பேங்காக்கே சொந்த ஊருக்குக் கிளம்பும் அந்த நாட்களைத் தாய்லாந்து அரசே 'ஆபத்தான ஏழு நாள்' என்று எண்ணி விபத்துக் கணக்கு வெளியிடுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2016-க்குக் கணித்த சாலை மரண விகிதத்தில் தாய்லாந்து லட்சத்துக்கு 32.7. அது சொங்ரான் வாரத்தின் கணக்கல்ல, ஆண்டு முழுமைக்குமானது. பிப்ரவரியும் மார்ச்சின் முன்பாதியும் என் தேர்வு.

சடாவ் எல்லையிலிருந்து பேங்காக் வரை செல்லும் தேசிய நெடுஞ்சாலை எண் 4-க்குப் பெட்காசெம் என்று பெயர். 1,310 கிலோமீட்டர், தாய்லாந்தின் மிக நீளமான நெடுஞ்சாலை. அந்த எண்ணையே பிடித்துக்கொண்டு போனால் திராங், கிராபி, ரானோங் என்று அந்தமான் கடலோரமாகச் சுற்றிப் போக நேரும். அவசரம் இல்லாதவருக்கு அது நல்ல வழி, அதிலும் ரானோங்கின் மலைவளைவுகள். நேரே போக வேண்டியவர் பத்தாலுங்கில் எண் 41-க்கு மாறி, துங் சோங், சூராட் தானி வழியாகச் சும்போன் சேர வேண்டும். அங்கே மறுபடியும் எண் 4 வந்து சேர்ந்துகொள்ளும். ஹாட்யாயிலிருந்து பேங்காக் ஏறத்தாழ 950 கிலோமீட்டர். சும்போன் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது. அங்கே இரவு தங்காமல் ஒரே மூச்சில் ஓட்டுவதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. அந்தப் பெருமையில் எனக்கு மரியாதை இல்லை.

இந்தப் பாதையில் டோல் கிடையாது. நம் டச் அண்ட் கோ அட்டைக்கு வேலையும் கிடையாது. ஆனால் பிளஸ் நெடுஞ்சாலையில் பழகியவருக்கு இது வேறு சாலை. வேலி இல்லை. நடுத்திட்டில் விட்டு விட்டு யூ-திருப்பங்கள். வேகத் தடத்திலேயே லாரி நின்று திரும்பும். சாலையோரத்தில் எதிர்த்திசையில் மோட்டார் சைக்கிள் வரும், அதில் குடும்பமே இருக்கும். பொழுது சாய்ந்தபின் ஓட்டுவதில்லை என்ற ஒரே விதியை வைத்துக்கொண்டாலே பாதி ஆபத்து குறையும். பெட்ரோல் நிலையங்களில் கேசோஹால் 95 என்பதில் பத்து சதவீதம் எத்தனால். பழைய மைவி, சாகா வைத்திருப்பவர் இ20, இ85 குழாய்களின் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. பணத்துக்குப் பெரிய கவலையில்லை: 2021 முதல் நம் டூயிட்நவ் செயலிகளால் தாய்லாந்தின் கியூஆர் குறியை வருடிப் பணம் கட்ட முடிகிறது. சைவச் சாப்பாட்டுக்கு 'ஜே' என்று எழுதிய மஞ்சள் கொடியைத் தேட வேண்டும். சீனரின் ஒன்பது நாள் சைவ விழா பெரும்பாலும் நம் நவராத்திரியை ஒட்டியே வருவதால், அந்த நாட்களில் ஹாட்யாயில் நுழைகிறவருக்கு வீட்டில் விரதம் இருப்பதைவிட வசதி.

பேங்காக்கில் தமிழர் தேடிப் போவது சீலோம் சாலையின் மாரியம்மன் கோயிலை. 1870-களில் அங்கே குடியேறிய தமிழர் எழுப்பியது. இன்று கும்பிடுகிறவரில் பெரும்பாலார் தாய்லாந்துக்காரர். அதைவிடத் தோட்டத்துக் குடும்பங்களுக்கு நெருக்கமான இடம் அங்கிருந்து 130 கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது: காஞ்சனபுரி. 1942-43-இல் பான் பொங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில்பாதை போடக் கெடா உள்படத் தீபகற்பமெங்கும் இருந்த தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரமாய்த் தமிழர்களை ஜப்பானியர் ஏற்றிச் சென்றார்கள். சயாம் மரண ரயில் என்று பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்போம். அங்குள்ள போர்க் கல்லறையில் நேச நாட்டுப் படைவீரர்கள் ஏறக்குறைய 7,000 பேர் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள், பெயர் தெரிந்தவர்க்கெல்லாம் பெயரோடு. தமிழ்ப் பாட்டாளிகளுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. பயணத் திட்டங்களில் காஞ்சனபுரி 'குவாய் பாலம், அரை நாள்' என்று வருகிறது. ஜித்ராக்காரர் அதற்கு ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டும். கட்டிய பாதையின் ஒரு பகுதியில் நாம் தோக் வரை இன்றும் ரயில் ஓடுகிறது. காரை நிறுத்திவிட்டு அதில் ஏறிப் பார்க்கலாம்.

பேங்காக் தாண்டினால் காரின் நாடு இன்னும் உறுத்தத் தொடங்கும். வடகிழக்கே சுமார் 620 கிலோமீட்டரில் நோங் காய். 1994 ஏப்ரலில் திறந்த நட்புப் பாலத்தைக் கடந்தால் லாவோஸ். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். வலப்பக்கச் சக்கரம் வைத்த காரில் வலப்பக்கச் சாலையில் லாரியை முந்துவதற்குப் பக்கத்தில் இருப்பவரின் கண்ணை நம்ப வேண்டும். சடாவில் வாங்கிய தாய்லாந்துச் சுங்கத் தாளை இங்கே ஒப்படைத்துவிட்டு லாவோஸில் புதிய காப்பீடு, புதிய அனுமதி. அங்கிருந்து போத்தேன் வழியாக யூனானுக்குள் மலேசியக் கார்க் கூட்டங்கள் போய்த்தான் வருகின்றன. ஆனால் சீனாவில் தற்காலிக எண்பலகை, தற்காலிக உரிமம், கூடவே வரும் வழிகாட்டி என்று எல்லாவற்றையும் முகவர் மூலம் மாதக்கணக்கில் முன்னதாக ஏற்பாடு செய்தாக வேண்டும். வியட்நாம் வலப்பக்கச் சக்கரக் காரைச் சிறப்பு அனுமதியில்லாமல் விடுவதில்லை. தாய்லாந்து–கம்போடியா வாசல்களை 2025-இன் மோதல் மூடிவிட்டது. மலேசியக் காருக்குத் தாய்லாந்து காட்டும் தாராளம் தனிச் சலுகை என்பது இங்கேதான் புரியும்: 2016-இல் பிற நாட்டு வண்டிகளுக்கெல்லாம் முகவர் மூலம் முன் அனுமதி வேண்டும் என்று விதித்தபோது மலேசியா, சிங்கப்பூர், லாவோஸ் மூன்றுக்கும் விலக்கு அளித்தார்கள்.

கடைசியாக, எல்லோர் மனத்திலும் இருக்கும் அந்தக் கேள்வி: தமிழ்நாட்டு ஊருக்குக் காரிலேயே போக முடியுமா? வரைபடம் 'முடியும்' என்கிறது. மே சோட்டில் மியன்மாருக்குள் நுழைந்து, மண்டலே, தமு வழியாக மணிப்பூரின் மோரே. அங்கிருந்து இம்பால், கவுகாத்தி, கொல்கத்தா, சென்னை. ஜித்ராவிலிருந்து கூட்டினால் ஆறாயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். இம்மாதிரிப் பயணம் நடந்தும் இருக்கிறது. 1955 செப்டம்பரில் லண்டனிலிருந்து இரண்டு லேண்ட் ரோவர்களில் கிளம்பிய ஆக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் மாணவர்கள் பர்மாவைக் கடந்து 1956 மார்ச்சில் சிங்கப்பூர் சேர்ந்தார்கள். 2012-இல் ஆசியான்–இந்தியக் கார் அணிவகுப்பு யோக்யகர்த்தாவில் தொடங்கி மலேசியா வழியாகக் கவுகாத்தி, டெல்லி வரை போனது. 2018 ஆகஸ்டில் மோரே–தமு வாசல் வெளிநாட்டுப் பயணிகளுக்கு முறைப்படி திறந்தது. மே சோட்டையும் மோரேயையும் இணைக்கும் 1,360 கிலோமீட்டர் முத்தரப்பு நெடுஞ்சாலை பேச்சில் இருந்தது. பிறகு 2021 பிப்ரவரியில் மியன்மாரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 2023 மேயில் மணிப்பூர் எரிந்தது. 2024 ஏப்ரலில் மே சோட்டுக்கு எதிரே மியாவடியில் சண்டை. வரைபடத்தில் இருக்கும் வழி தரையில் அடைபட்டது.

மோரேயில் தமிழர் இருப்பதே ஒரு பாதியில் நின்ற பயணத்தால்தான். 1960-களில் பர்மா கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கியபோது கப்பலேறித் தமிழ்நாடு வந்தவர்களில் சிலர், பிழைக்க வழியில்லாமல் தரைவழியே மீண்டும் பர்மாவுக்குத் திரும்ப முயன்றார்கள். எல்லையில் நிறுத்தப்பட்டார்கள். நின்ற இடத்திலேயே கோயிலும் சங்கமும் கட்டிக்கொண்டார்கள்.

சாலை திறந்தாலும் இந்தியா மலேசியக் காரைச் சும்மா விடாது. கார்னே என்னும் சுங்க உத்தரவாதப் புத்தகம் வேண்டும். வாகனச் சங்கத்திடம் காரின் மதிப்பை ஒட்டிய பெருந்தொகையைப் பிணையாக வைத்தால்தான் அது கிடைக்கும். காரை அங்கே விற்றுவிடாமல் திருப்பிக் கொண்டுவந்தபின்தான் பிணைப்பணம் திரும்பும். கப்பலில் ஏற்றிச் சென்னையில் இறக்கினாலும் இதே விதி. ஒரு மாதம் தமிழ்நாட்டைச் சுற்ற ஆசைப்படும் குடும்பத்துக்கு இது எந்தக் கணக்கிலும் கட்டாது. 2024 டிசம்பரில் பினாங்கிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் தொடங்கியது. சென்னைக்குப் பறந்து இறங்கி, ஓட்டுநரோடு ஒரு வண்டியை அமர்த்திக்கொள்வதே இன்றைக்கு ஒழுங்கான ஏற்பாடு.

சொந்தக் காரில்தான் போக வேண்டும் என்றால், முதல் முறைக்கு ஜித்ரா–சும்போன்–பேங்காக்–காஞ்சனபுரி போய்த் திரும்புவது போதும். பத்து நாள் விடுப்பு, நல்ல டயர், காரின் பெயரில் ஒழுங்கான தாள். லாவோஸ் இரண்டாம் முறைக்கு. பயணம் எவ்வளவு நீண்டாலும் திரும்பி வரும் நாளை மட்டும் 30-ஆவது நாளில் வைக்காதீர்கள், 25-இல் வையுங்கள். வழியில் பிரச்சுவாப்பில் கியர்பெட்டி கெட்டுப் பட்டறையில் நான்கு நாள் கிடந்தாலும் காரின் விசா தீர்ந்துபோகாது.